அரைநாள் பள்ளி: 1953ஆம் ஆண்டின் சென்னை மாநிலத் தொடக்கக் கல்வித் திட்டமும் அதன்மீது எழுந்த கண்டனமும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழக வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்னும் தொடரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ஆயினும் அப்பெயரில் அரசாணை எதுவும் பிறக்கவில்லை என்பதை மாணவர்க்கு முதலில் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அரசு இட்ட பெயர் ‘திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ என்பதாகும். குலக்கல்வி என்பது அதனை எதிர்த்தோர் சூட்டிய பெயர், அதுவே நிலைத்தும்விட்டது. எதிர்த்தோரின் பெயரை ஏற்றுக்கொண்ட நாம் அவர்தம் வாதத்தை முழுமையாக அறிந்திருக்கிறோமா என்பது ஐயத்திற்குரியது. சிக்கனத்தின் பொருட்டுப் புதிய அரசொன்று செய்த சீர்திருத்தம் எவ்வாறு சாதிச் சிக்கலாக உருவெடுத்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புதிய அரசும் அதன் நிதி நெருக்கடியும்

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசுக் கட்சி 152 இடங்களையே பெற்றது. பெரும்பான்மை இழந்த அக்கட்சி, தேர்தலில் போட்டியிடாத சி. இராசகோபாலாச்சாரியாரை அழைத்தது. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவை உறுப்பினராக நியமித்தார். 1952 ஏப்ரல் 10ஆம் நாள் இராஜாஜி முதலமைச்சரானார். அப்போது அவருக்கு அகவை 73.

அவ்வரசைப் பிற்போக்கு அரசு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பதவியேற்ற இரு திங்களுக்குள் உணவுக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டு முறையையும் நீக்கி மக்களின் பாராட்டைப் பெற்றது. அதே ஆண்டில் தஞ்சை மாவட்டக் குத்தகையாளரையும் பண்ணையாட்களையும் காக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. இவ்விரண்டையும் நினைவிற்கொள்வது பின்வரும் வாதத்திற்குத் தேவையாகும்.

பதினான்கு அகவை வரை கட்டாய இலவசக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க அரசு முயல வேண்டும் என அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு கூறியது. சென்னை மாநிலத்திலோ பள்ளி செல்லும் அகவையினருள் பெரும் பகுதியினர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். சேர்ந்தவருள்ளும் பலர் இடையில் நின்றனர். முழு மதுவிலக்கு 1948இல் மாநிலம் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டதால் கலால் வருவாய் அற்றுப்போயிருந்தது. கள்ளுக்கடை வருவாயை மனமுவந்து துறந்த மாநிலம் பள்ளிக்கூடத்தில் சிக்கனம் தேடிற்று என்பது கசப்பான முரண். அவ்வருவாய் இழப்புக்கு இராஜாஜி முற்றிலும் அயலாரும் அல்லர். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவர் அவரே.

திட்டத்தின் உள்ளடக்கம்

1953-54ஆம் கல்வியாண்டில் நகராட்சி எல்லைக்கு வெளியேயுள்ள தொடக்கப் பள்ளிகளில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த வகுப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. வாரத்தில் ஆறு நாள் பள்ளி. மாணவர் இரு பிரிவாகி, ஒரு பிரிவினர் காலையிலும் மறுபிரிவினர் பிற்பகலிலும் வருவர். அதே கட்டடம், அதே ஆசிரியர். எண்ணிக்கை மட்டும் இரட்டிப்பாகலாம். எஞ்சிய அரைநாளில் ஆண்பிள்ளைகள் தந்தையின் தொழிலையும் பெண்பிள்ளைகள் தாயிடம் வீட்டுப் பணிகளையும் கற்க வேண்டும். தந்தைக்குக் கைத்தொழில் இல்லையெனில் ஊரிலுள்ள வேறொரு தொழிலாளியிடம் அனுப்பலாம்.

அரசின் தரப்பு வெறும் சாக்குப்போக்கு அன்று. ஏழைப் பெற்றோர்க்குப் பிள்ளையின் உழைப்புத் தேவைப்படுகிறது. முழுநாள் பள்ளி என்றால் பிள்ளையை நிறுத்திவிடுவர். அரைநாள் என்றால் அனுப்புவர் என்பது அதன் வாதம். உழைப்பை இழிவாகக் கருதும் படிப்பை இராஜாஜி ஐயுற்றார் என்பதும் உண்மை. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியோடு இத்திட்டத்தை அதன் ஆதரவாளர் ஒப்பிட்டனர். ஆனால் 1937ஆம் ஆண்டு வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. இராட்டையைக் கணக்கோடும் அறிவியலோடும் இணைத்துக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரை வேண்டியது. சென்னைத் திட்டமோ பிள்ளையை வீட்டிற்குத் திருப்பியனுப்பியது. முன்னது செலவு மிக்கது. பின்னதற்குக் கருவியும் வேண்டா, கூடுதல் ஊதியமும் வேண்டா. ஆதாரக் கல்வியின் பெயரை வைத்துக்கொண்டு அதன் செலவை விட்டுவிட்ட திட்டம் இது எனலாம்.

கண்டனத்தின் இரு முனைகள்

பெரியார் ஈ.வெ.ரா. இதனை வருணாசிரமத்தை மீட்கும் முயற்சி எனச் சாடினார். திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டத்திற்கு எதிரானது. முதலமைச்சர் இல்லத்தின் முன் நடந்த அம்மறியலுக்கு ஈ.வெ.கி. சம்பத் தலைமை தாங்கினார். அரசாணையில் சாதி என்னும் சொல் இல்லையே என்று அரசின் ஆதரவாளர் வினவினர். அவ்வினா இன்றும் சில கட்டுரைகளில் தலைகாட்டுவதால் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

தந்தையின் தொழில் எது என்பதை 1953ஆம் ஆண்டுச் சிற்றூரில் சாதியே பெரும்பாலும் முடிவு செய்தது. ஆகவே ஆணையில் இல்லாத சொல் ஊரில் இருந்தது. இதற்கு அரசின் செயல்களே இரு சான்றுகளைத் தருகின்றன. அவ்வாண்டுகளில் கைத்தறி நெசவாளர் துணி விற்பனையின்றி வறுமையில் வாடினர். வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என இராஜாஜியே நடுவணரசை வற்புறுத்தினார். 1953 சனவரியில் அண்ணாவும் அவர் இயக்கத்தினரும் கைத்தறித் துணிகளைத் தெருவில் சுமந்து விற்றனர். தந்தைக்கே சோறிடாத தறியில் மகனை அமர்த்துவது எவ்வகைத் தொழிற்கல்வி?

இரண்டாவது சான்று தஞ்சை. பண்ணையாளைப் பண்ணையாரிடமிருந்து காக்கச் சட்டம் தேவை என்று 1952இல் ஒப்புக்கொண்ட அரசு, மறு ஆண்டே பண்ணையாளின் மகனை நாள்தோறும் பாதி நேரம் தந்தையின் தொழிலுக்கு அனுப்பியது. அத்தொழில் நடந்த நிலம் தந்தையுடையது அன்று. அங்கே அச்சிறுவனுக்குக் காத்திருந்தது மாடு மேய்ப்பதும் சாணம் அள்ளுவதும்தான். வழக்கறிஞரின் மகனோ நகரில் முழுநாளும் படித்தான். நகராட்சிப் பள்ளிகள் விலக்கப்பட்டமையே இத்திட்டத்திற்கு எதிரான மிக வலிய வாதம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அரைநாள் கல்வி உண்மையிலேயே மேலானதாயின் நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ஏன் மறுக்கப்பட்டது?

மிச்சப்பட்ட தொகை மறைந்துபோகவில்லை. அது வேறோரிடத்தில் சுமையாக இறங்கியது. பாதிச் சுமை தகப்பன்மீது. மீதிச் சுமை இரு பிரிவுகளையும் நடத்த வேண்டிய சிற்றூர் ஆசிரியர்மீது. இந்த இரண்டாம் பகுதியைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இராஜாஜி ஆறாயிரம் பள்ளிகளை மூடினார் என்னும் செய்தி மேடைகளில் பெரிதும் பயில்கிறது. அரைநாள் ஆணை பள்ளிகளை மூடும் ஆணை அன்று. இரண்டையும் ஒன்றாகக் கலப்பது கண்டனத்தின் வலிமையைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். வகுப்பு நேரக் குறைப்பு ஒன்றே போதிய சான்றாகும்.

சட்டமன்றமும் திட்டத்தின் முடிவும்

சட்டமன்றத்தில் இது முறையாக விவாதிக்கப்பட்டது 1953 சூலை இறுதியில்தான். அப்போது திட்டம் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. முதலில் ஆணை, பிறகு விவாதம் என்னும் இவ்வரிசை ஆளுங்கட்சிக்குள்ளேயே மனத்தாங்கலை உண்டாக்கியது, பி. வரதராசுலு நாயுடு போன்ற மூத்த காங்கிரசார் எதிரணியில் நின்றனர். திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்திற்கு ஆதரவாக 138, எதிராக 138 வாக்குகள் விழுந்தன. பேரவைத் தலைவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளையின் வாக்கே அரசைக் காத்தது. நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்புக என்னும் தீர்மானம் நிறைவேறியது. ஆர். வி. பருலேக்கர் தலைமையில் அமைந்த குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை அளித்தது. வல்லுநர் ஏற்றனர், ஊரார் ஏற்கவில்லை. கல்விச் சீர்திருத்தம் குறித்து எழுதுவோர் இவ்விடைவெளியை இன்னும் ஆழமாக ஆராயலாம்.

1954 மார்ச்சில் இராஜாஜி உடல்நலக் குறைவைக் காட்டிப் பதவி விலக முடிவு செய்தார். கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் காமராசர் சி. சுப்பிரமணியத்தை வென்று, ஏப்ரல் 13ஆம் நாள் முதலமைச்சரானார். இராஜாஜியின் அமைச்சரவையில் நிதிப் பொறுப்பை வகித்தவரும் திட்டத்தை ஆதரித்து நின்றவருமான அதே சுப்பிரமணியம் புதிய அமைச்சரவையில் கல்வியமைச்சர். 1954 மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டதை அறிவிக்கும் கடமை அவருக்கே வாய்த்தது.

நிதி நெருக்கடி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஏழைப் பெற்றோர் பிள்ளையின் உழைப்பை நாடியதும் மாறவில்லை. 1954இல் கல்வித்துறையின் இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு, சிற்றூர் மக்களிடமே பொருளும் பண்டமும் திரட்டும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பின்னர் நடத்தினார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் திட்டம் தொடங்கியது. பகற்பொழுதில் வயிற்றுக்காக வேலைக்குப் போக வேண்டியிருந்த பிள்ளைக்கு, அந்த வேளைக்குரிய சோறு பள்ளியிலேயே கிடைத்தது.