பெயரில் சென்னை, மைதானம் கோவை: சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை

ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் சேலம். அங்கே பஸ் ஸ்டாண்டில் நின்று, "சென்னை சிட்டி டீம் விளையாடுறதைப் பார்க்கணும், எந்த பஸ்ல ஏறணும்?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் சென்னை பஸ்ஸைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் 2017-க்குப் பிறகு சில ஆண்டுகள் அது தப்பான பஸ்! ஏறியிருக்க வேண்டியது கோயம்புத்தூர் பஸ்ஸில். சேலத்தில் இருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், கோவை சுமார் 160 கிலோமீட்டர். சேர்வராயன் மலைக்காரர்களுக்கு சென்னையின் பெயர் கொண்ட அணி சென்னையை விடப் பக்கத்திலேயே விளையாடிக் கொண்டிருந்தது.

கிரிக்கெட் என்றால் தெருவுக்கு நாலு நிபுணர்கள் இருக்கும் நம் ஊரில், கால்பந்தில் தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்ற கதை பலருக்குத் தெரியாது. அந்த அணி எப்படித் தொடங்கியது, ஏன் இவ்வளவு சீக்கிரம் மறந்து போனது என்று பார்ப்போம்.

பெயர் மாறிய கதை

சென்னை சிட்டி எஃப்.சி. புதிதாக முளைத்த அணி அல்ல. அதன் வேர் 1946-ல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது வழக்கு நடந்து நாடே கொந்தளித்த காலம் அது. அந்தப் படையில் மலாயாவில் இருந்தும் பர்மாவில் இருந்தும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அப்போது ஒரு கால்பந்து கிளப்புக்கு நேதாஜி என்று பெயர் வைத்ததே ஓர் அடையாளம்தான்.

பல பத்தாண்டுகள் சென்னை உள்ளூர் லீக்கில் ஆடிய இந்த கிளப், பிறகு சென்னை சிட்டி என்று பெயர் மாறி 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. அதற்கு முன்பு, 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கில் இந்தியன் வங்கி அணி ஆடியிருக்கிறது. ஆனால் அது ஊழியர்களைக் கொண்ட நிறுவன அணி. சம்பளம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை எடுத்து நடத்தும் தொழில்முறை கிளப் என்பது வேறு விஷயம்.

கோவைக்குப் போன சென்னை

முதல் பருவத்தை சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அங்கே ஒரு சிக்கல். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.க்கும் அதுதான் வீடு. நடிகர் அபிஷேக் பச்சனும் தோனியும் உரிமையாளர்களாக இருந்த அணி, 2015-லேயே சாம்பியன். ஒரே ஊர், ஒரே மைதானம், கிட்டத்தட்ட ஒரே பெயர்... ரசிகன் யாரைப் பார்ப்பான்?

அடுத்த பருவத்தில் சென்னை சிட்டி கோவைக்கு வந்துவிட்டது. வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரு ஸ்டேடியம் புது வீடானது. பெயரை மட்டும் மாற்றவில்லை. "கோவை" என்ற சொல் கிளப்பின் பெயரில் எங்கும் இல்லை, கேலரி மட்டும் கோவையுடையது.

ஒரு புள்ளியில் கோப்பை

முதல் இரண்டு பருவங்களும் அட்டவணையின் கீழ்ப்பாதியில்தான். 2018-19-க்கு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்று ஸ்பெயின் கால்பந்தில் வளர்ந்தவர்கள் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். முதல் மேட்சிலேயே இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று அடித்தார்கள். மான்சி ஹாட்ரிக்! அந்தப் பருவத்தில் அவர் அடித்தது மொத்தம் 21 கோல்கள்.

கடைசி நாள், 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. சென்னை சிட்டி டிரா செய்து ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். கோவையில் மினெர்வா பஞ்சாப் முதல் சில நிமிடங்களிலேயே கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல்கள். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துத்தான் இருந்தது, ஆனால் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்! ஐ-லீக் பட்டத்தை வென்ற ஒரே தமிழ்நாட்டு அணி இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த மாதமே சூப்பர் கோப்பையில் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யையும் 2-1 என்று தோற்கடித்தார்கள்.

26 சதவீதமும் அதற்குப் பிறகும்

2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். ஆகவே 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் அதைத் தடுக்க முடியும். 26 என்பது அந்தக் கோட்டைத் தாண்டிய பங்கு.

ஆனால் அதே ஆண்டில் இந்தியாவின் முதல் நிலை லீக் ஐ.எஸ்.எல்.தான் என்று முடிவாகிவிட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோல்வி. இந்தியச் சாம்பியனின் அந்த மேட்ச் நடந்தது சென்னையிலும் இல்லை, கோவையிலும் இல்லை, அகமதாபாத்தில். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். பிறகு கொரோனா வந்தது. 2020-21 பருவத்தை கொல்கத்தா பகுதியிலேயே அடைத்து வைத்து நடத்தினார்கள். 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்று ஆண்டுகள் கூட முடியவில்லை.

யாருடைய அணி?

கொல்கத்தாவில் மோகன் பாகனும் ஈஸ்ட் பெங்காலும் எத்தனை நெருக்கடிகளைத் தாண்டி வந்திருக்கின்றன! ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள், சத்தம் போட்டார்கள். சென்னை சிட்டிக்காக யார் சத்தம் போட்டிருக்க முடியும்? சென்னைக்காரர்களுக்கு அது கோவையில் ஆடும் அணி. கோவைக்காரர்களுக்கு அது சென்னை என்ற பெயருள்ள அணி. 1946-ன் நேதாஜி என்ற பெயரும் போய்விட்டது. பணமும் திறமையும் இருந்தால் ஒரே பருவத்தில் கோப்பை வாங்கலாம். "இது எங்க டீம்" என்று சொல்லும் ஒரு ஊரை ஒரே பருவத்தில் வாங்க முடியாது.

அதற்காக அந்த மார்ச் மாலை பொய்யாகிவிடாது. அன்று கோவை கேலரியில் கத்தியவர்கள் பெயரைப் பார்த்துக் கத்தவில்லை, பந்தைப் பார்த்துத்தான் கத்தினார்கள். இன்னும் நாலைந்து வருஷம் அந்த அணி அங்கேயே ஆடியிருந்தால், சேலம் பஸ் ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் சரியான பஸ்ஸைக் காட்டியிருப்பார்கள்.