மீன் நாற்றங்கால் குளத்தில் நீர்ப்பூச்சிகள்: நுண்குஞ்சுகளைக் காப்பது எப்படி?

நுண்குஞ்சு வாங்கி விட்டு, பதினைந்து நாள் கழித்து வலை இழுத்தால் கைப்பிடிக் குஞ்சுகூட வரவில்லை என்று வருந்தும் விவசாயிகள் உண்டு. பழி குஞ்சு தந்த பண்ணையின் மேல் விழும், இல்லையென்றால் தண்ணீரின் மேல் விழும். குளத்தில் பொரித்துப் பெருகிய பூச்சிகள் மேல் சந்தேகம் வருவது குறைவு.

பொரித்து மூன்று நாளான கெண்டை நுண்குஞ்சு 5 முதல் 6 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஓடித் தப்பவும் தெரியாது. 10 சென்ட் மண் குளத்தில் சுமார் 1.2 முதல் 2 லட்சம் நுண்குஞ்சு விடுகிறோம். அதில் பாதி தேறினாலே நல்ல தேர்ச்சி. பூச்சி மிகுந்த குளத்தில் அந்தப் பாதியும் மிஞ்சாது.

குஞ்சு தின்னும் பூச்சிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்வண்டு, நீர்த்தேள் ஆகியவை முதல் வகை. குஞ்சைக் குத்தியோ கடித்தோ கொல்லும் இவை, மூச்சுக்காக அடிக்கடி நீரின் மேலே வந்தாக வேண்டும். நீர்வண்டின் புழுவும் அப்படித்தான். அரிவாள் போன்ற தாடையால் குஞ்சைப் பிடித்து உறிஞ்சும். இரண்டாம் வகை தட்டான் பூச்சியின் இளம்பருவம். தட்டான் நீரிலும் நீர்ச்செடியிலும் முட்டையிடும். பொரித்த புழு அடியில் பதுங்கியிருந்து, மடித்து வைத்த உதட்டை நீட்டிக் குஞ்சைப் பிடிக்கும். இது நீருக்குள்ளேயே மூச்சு விடுவதால் மேலே வரத் தேவையில்லை.

முதல் வகைக்குச் சோப்பு எண்ணெய்க் கலவை நல்ல மருந்து. ஹெக்டேருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெயும் 18 கிலோ துணி சோப்பும் தேவை. 10 சென்ட் குளமென்றால் எண்ணெய் இரண்டேகால் கிலோ, சோப்பு முக்கால் கிலோ போதும். சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, எண்ணெயை ஊற்றி, இரண்டும் பிரியாமல் சேரும்வரை நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு நீர்ப்பரப்பு முழுவதும் தெளிக்கலாம். எண்ணெய்ப் படலம் பரவியதும் மேலே வரும் பூச்சி மூச்சுத் திணறிச் சாகும். காற்று வீசும் நேரத்தில் தெளித்தால் படலம் ஒரு கரையில் ஒதுங்கிவிடும், செலவு வீண். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு தெளித்து, செத்து மிதக்கும் பூச்சிகளை வலையால் அள்ளி எடுங்கள்.

தட்டான் புழுவிடம் இந்தக் கலவை பலிக்காது. அதற்குக் குளத்தை நன்றாகக் காயவிட வேண்டும். கரையோரப் புல்லையும் நீர்ச்செடியையும் அகற்றி, உள்ளே வரும் தண்ணீரை நெருக்கமான நைலான் வலை வழியாக விடுங்கள். தண்ணீர் நிரப்பிக் குஞ்சுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் பெரிய தவறு. உரமிட்ட நீரில் மிதவை உயிரிகள் பெருகும்போதே பூச்சிகளும் பெருகும். எனவே குஞ்சு வரும் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ப நீர் நிரப்புங்கள். விடுவதற்கு முந்தைய நாட்களில் கண்ணி சிறிய வலையை இரண்டு மூன்று முறை அடியோடு இழுத்தால் தட்டான் புழு நிறையச் சிக்கும். சிக்கியதை வெள்ளை வாளியில் கொட்டிப் பாருங்கள், குளத்தின் நிலை தெரிந்துவிடும்.

நீர்வண்டும் சில நீர்ப்பூச்சிகளும் இரவில் பறந்து வெளிச்சத்தைத் தேடி வரும். குளக்கரையில் இரவெல்லாம் பல்பு எரிந்தால் நாமே அழைத்த மாதிரிதான்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். வேண்டாம். குஞ்சுக்கு இரையாக வேண்டிய மிதவை உயிரிகளும் சேர்ந்து சாகும், எஞ்சிய நஞ்சு குஞ்சையும் கொல்லலாம்.

வளர்ந்த மீன் உள்ள குளத்தில் கதையே வேறு. அங்கே பூச்சிதான் இரை. சேற்றிலிருக்கும் சிவப்பு நிற கொசுவினப் புழுக்களைச் சாதா கெண்டை கிளறித் தின்னும். மழை விட்ட மாலையில் ஈசல் விழுந்தால் மீன்கள் மேலே வந்து கவ்வுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு வழக்கமான தீவனத்தைக் கொஞ்சம் குறைத்தே போடலாம்.