பணப் பரிவர்த்தனைப் புள்ளிவிவரங்களை விளக்கப்படமாக்கல்

வங்கி, அட்டை, கைபேசிச் செயலி, காசோலை ஆகியவற்றின் வழியே ஒரு நாட்டில் பணம் எத்தனை முறை கைமாறியது, எவ்வளவு கைமாறியது என்ற கணக்கே பணப் பரிவர்த்தனைப் புள்ளிவிவரம். அதைப் பொருளியல் பயிலாதவரும் பிழையின்றிப் படிக்கும்படி பட்டைகளாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டுவது தனிப் பயிற்சி தேவைப்படும் பணி. நாளிதழ்கள், அரசு அறிக்கைகள், பாடநூல்கள் ஆகியவற்றில் இத்தகைய படங்கள் இன்று அடிக்கடி இடம்பெறுகின்றன. கைபேசி வழியே உடனடியாகப் பணம் அனுப்பும் யுபிஐ அமைப்பு இந்தியாவில் பெற்ற வளர்ச்சி இதற்கு முதன்மைக் காரணம்.

தரவு எங்கிருந்து வருகிறது

இந்திய ரிசர்வ் வங்கி பணப் பரிவர்த்தனை அமைப்புகளின் விவரங்களை மாதந்தோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட், ஐஎம்பிஎஸ் ஆகியவையும் யுபிஐ, அட்டைகள், காசோலைகளும் என ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையும் மதிப்பும் அதில் தனித்தனியே இருக்கும். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனமும் தன் மாதக் கணக்கை வெளியிடுகிறது.

இரண்டிலும் அலகுகள் வேறுபடுவதால் வரைபவர் முதலில் அவற்றை ஒன்றாக்க வேண்டும். மார்ச் 2025-இல் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகளை என்பிசிஐ ஏறத்தாழ 18,300 மில்லியன் என்று குறிக்கும். ரிசர்வ் வங்கியின் லட்சக் கணக்கில் அது 1,83,000 லட்சம். வாசகர் பேசும் வழக்கில் 1,830 கோடி. பொதுமக்களுக்கான படத்தில் கோடி, லட்சம் கோடி என்ற அலகுகளையே முதலிலிருந்து இறுதிவரை பயன்படுத்துவது நல்லது.

எண்ணிக்கையும் மதிப்பும்

இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை, எண்ணிக்கையையும் மதிப்பையும் ஒன்றெனக் கொள்வது. 2024-25 நிதியாண்டில் நாட்டின் மின்னணுப் பரிவர்த்தனைகளில் எண்ணிக்கைப்படி ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை யுபிஐ வழியே நடந்தன. மதிப்புப்படி பார்த்தால் அதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆர்டிஜிஎஸ் இதற்கு நேர் எதிர். குறைந்தது 2 லட்சம் ரூபாய் அனுப்புவோருக்கான அந்த அமைப்பு, எண்ணிக்கையில் ஆயிரத்தில் இரண்டைக்கூட எட்டவில்லை; மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைத் தாங்கியது. தேநீர்க் கடையில் கொடுக்கும் பத்து ரூபாயும் ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு அனுப்பும் பத்துக் கோடியும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று.

எனவே இரண்டில் ஒன்றை மட்டும் காட்டும் படம் பாதி உண்மையையே சொல்லும். எண்ணிக்கைக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று என இரு படங்களை அருகருகே வைத்து, ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டிலும் ஒரே நிறத்தைத் தருவதே தெளிவான வழி. ஒரே படத்தில் இடப்பக்கம் ஓர் அச்சும் வலப்பக்கம் மற்றோர் அச்சும் அமைத்தால், இரு கோடுகளும் சந்திக்கும் இடம் வரைபவரின் விருப்பப்படி நகரும். அந்தச் சந்திப்புக்குப் பொருள் எதுவும் இல்லாவிட்டாலும் வாசகர் அதில் ஒரு திருப்புமுனையைக் காண்பார்.

சராசரியையும் சேர்த்துக் காட்டலாம். 2024-25-இல் யுபிஐயில் சுமார் 18,586 கோடி பரிவர்த்தனைகளில் 260 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியது. ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரியாக 1,400 ரூபாய். மற்ற பெருந்தொகைகள் மறந்துபோனாலும் இந்த ஓர் எண் வாசகர் மனத்தில் நிற்கும்.

எந்தப் படம் எதற்கு

கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் பொருளியல் தரவுக்குப் பயன்படுத்திப் பரப்பியவர் வில்லியம் பிளேஃபேர். 1786-இல் அவர் வெளியிட்ட நூலில் அவை இடம்பெற்றன. வட்டப் படத்தை 1801-இல் அவர் தந்தார். வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, பொது அளவுகோலில் அமைந்த இடத்தையும் நீளத்தையும் மனிதக் கண் நன்கு மதிப்பிடுகிறது என்றும், கோணத்தையும் பரப்பையும் அவ்வளவு சரியாக மதிப்பிடுவதில்லை என்றும் காட்டியது.

இதன்படி, காலப்போக்கில் நேர்ந்த மாற்றத்துக்குக் கோடு. அமைப்புகளை ஒப்பிடப் பட்டை. இரண்டு மூன்று பங்குகள் மட்டும் இருக்கும்போது வட்டம். யுபிஐ, நெஃப்ட், ஐஎம்பிஎஸ், கடன் அட்டை, டெபிட் அட்டை, காசோலை எல்லாவற்றின் எண்ணிக்கையையும் ஒரே வட்டத்தில் அடைத்தால், யுபிஐ தவிர்ந்த துண்டுகள் அடையாளம் தெரியாமல் மெலிந்துவிடும். முப்பரிமாண வட்டம் இன்னும் மோசம். முன்பக்கத் துண்டு இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

அச்சும் அளவுகோலும்

பட்டைப் படத்தின் அச்சு சுழியிலிருந்தே தொடங்க வேண்டும். ஜனவரி 2025-இல் யுபிஐ பரிவர்த்தனைகள் சுமார் 1,699 கோடி; மார்ச்சில் 1,830 கோடி. வளர்ச்சி 8 விழுக்காட்டுக்கும் குறைவு. அச்சை 1,600 கோடியில் தொடங்கினால் மார்ச் பட்டை ஜனவரிப் பட்டையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். எண்கள் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லிவிடும்.

நீண்ட காலத் தொடரில் வேறொரு சிக்கல் எழுகிறது. 2016-17-இல் 1.8 கோடி அளவில் இருந்த யுபிஐ எண்ணிக்கை, எட்டு ஆண்டுகளில் பத்தாயிரம் மடங்கைத் தாண்டியது. சாதாரண அளவுகோலில் முதல் சில ஆண்டுகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொரு படியும் பத்து மடங்காக உயரும் மடக்கை அளவுகோல் அதைச் சரிசெய்யும் என்றாலும் பொது வாசகருக்கு அது பழக்கமானதல்ல. ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டைத் தனிப் பட்டைகளாகத் தருவதே அவர்களுக்கு எளிது.

காலத்தை ஒப்பிடுதல்

பிப்ரவரி 2025-இல் யுபிஐ பரிவர்த்தனைகள் 1,611 கோடி. மாத மொத்தத்தை வரைந்தால் ஜனவரியைவிடச் சரிவு தெரியும். நாள் சராசரியை வரைந்தால் ஜனவரியில் 54.8 கோடி, பிப்ரவரியில் 57.5 கோடி, மார்ச்சில் 59 கோடி என்று தொடர்ந்த ஏற்றமே தெரியும். பிப்ரவரிக்கு 28 நாள்கள்தாம் என்பதே வேறுபாட்டின் காரணம். திருவிழா மாதங்களை அவற்றுக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே விழாக்காலத்தோடு ஒப்பிடுவது நேர்மையானது. தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரிலும் மற்றோர் ஆண்டு நவம்பரிலும் வருவதால் இரு மாதங்களையும் சேர்த்துக் காட்டுவது இன்னும் நல்லது.

குறியீட்டெண்ணைக் காட்டுதல்

ரிசர்வ் வங்கியின் மின்னணுப் பரிவர்த்தனைக் குறியீட்டெண்ணுக்கு மார்ச் 2018 அடிப்படைக் காலம்; அப்போதைய மதிப்பு 100. மார்ச் 2025-இல் அது 493.22. இதை 493 விழுக்காடு வளர்ச்சி என்று தலைப்பிடுவது தவறு. வளர்ச்சி 393 விழுக்காடு. இக்குறியீட்டெண் பரிவர்த்தனையை மட்டுமன்றிக் கட்டமைப்பு, வாடிக்கையாளர் நலன் போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. அடிப்படைக் காலத்தையும் இந்த உள்ளடக்கத்தையும் படத்தின் அடியிலேயே குறிப்பிட வேண்டும்.

சொல்ல மறக்கக் கூடாதவை

யுபிஐ மொத்த மதிப்பு மக்களின் செலவைக் குறிப்பதல்ல. தனிநபர் தனிநபருக்கு அனுப்புவதும் அதில் அடங்கும். மதிப்பில் பெரும்பங்கு அதுவே. எண்ணிக்கையில் பெரும்பங்கு வணிகர்களுக்குச் செலுத்தப்படுவது. இரண்டையும் பிரித்து வரைய என்பிசிஐ தரவு இடம் தருகிறது. ரொக்கமாகக் கைமாறும் பணம் இந்த அட்டவணைகளில் இல்லை. மார்ச் 2025 முடிவில் 36 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஆகவே யுபிஐயின் பங்கைச் சொல்லும் எந்தப் படமும் அது மின்னணுப் பரிவர்த்தனைகளுக்குள் உள்ள பங்கு என்று சொல்லியாக வேண்டும்.

நிறங்களில், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரை மனத்திற்கொண்டு நீலம், ஆரஞ்சு போன்ற இணைகளைத் தேர்வது நலம். கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதினால் தனிக் குறிப்புப் பெட்டி தேவைப்படாது. அலகு, காலம், தரவு தந்த நிறுவனம் ஆகிய மூன்றும் இல்லாத விளக்கப்படத்தை முழுமையானதாகக் கொள்ள முடியாது.