மெஸ்திசோ

மெக்சிகோ, பெரு பற்றிய கட்டுரைகளில் 'மெஸ்திசோ' மக்களைக் 'கலப்பினத்தவர்' என்று எழுதுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்குகிறது. கலப்பினம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜெர்சிப் பசுவும் வீரிய விதையும்தான். கலத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த ஸ்பானியச் சொல் மெஸ்திசோ. பிரெஞ்சின் 'மெத்தீஸ்' அதன் உடன்பிறப்பு, கனடாவில் அது ஒரு தனி மக்களின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஸ்பானியருக்கும் பூர்வகுடியினருக்கும் பிறந்தவர்களுக்குக் காலனி ஆட்சி குத்திய முத்திரைதான் மெஸ்திசோ. யார் எந்தப் படி என்று வரிசையாகத் தீட்டிக்காட்டும் ஓவியங்களே 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் உண்டு. ஆனால், 1539இல் குஸ்கோ நகரில் இன்கா அரச குலப் பெண்ணுக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் வெளியான தம் நூலில் இந்தப் பெயரை வாய்நிறையச் சொல்லிக்கொண்டார். வசையாக வழங்குவது தெரிந்தே ஏற்றார். சொல் நிமிர்ந்தது அங்கேதான் என்பேன். 1925இல் மெக்சிகோ சிந்தனையாளர் ஹோசே வாஸ்கான்செலோஸ் இனக் கலப்பையே மனிதகுலத்தின் வருங்காலமாகக் கொண்டாடினார். பின்னாளில் அந்தக் கொண்டாட்டத்தின் நிழலில் நாவாட்ல், மாயா மொழிகள் பேசுவோரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கண்ணில் படாமல் போனார்கள். அது பெரிய அநியாயம். தமிழில் 'கலப்பு மரபினர்' கண்ணியமான சொல். விளக்கத்துக்கு ஒருமுறை அதைச் சொல்லலாம். ஆனால் காலனியின் தழும்பும் கார்சிலாசோவின் பெருமிதமும் மெஸ்திசோவில்தான் இருக்கின்றன. அதை அப்படியே எழுதுவோம்.