வீட்டுச் சரக்கும் தபால் பார்சலும்



அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் 1978-இல் வந்த மத்தியச் சட்டம் அதை அனுமதித்தது. ஆனால் நண்பருக்கு அரசுத் தபாலில் அனுப்ப முடியாது, 1909-லிருந்தே தடை. காய்ச்சலாம், தபாலில் போடக் கூடாது!

நம் பக்கம் காய்ச்சுவதே குற்றம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1939-இல் அது நம் பழைய வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் அந்த ஆண்டு விற்பனை வரி பிறந்தது. 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1987 முதல் கள்ளுக்கும் தடை.

கடை திறந்திருப்பதால் சட்டம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்த 1937 சட்டம் இன்றும் இருக்கிறது. அனுமதியில்லாமல் காய்ச்சுவது மட்டுமல்ல, எடுத்துச் செல்வதும் குற்றம். திருவிழாவுக்கு அன்பாகக் கொடுத்தனுப்பும் ஒரு பாட்டிலுக்கு, பஸ்ஸில் கொண்டுபோகும் பையன்தான் மாட்டுவான்.

உயிர் விஷயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

மலையிலிருந்து அனுப்பத் தேனும் சாமையும் புளியும் இருக்கின்றன. அவற்றைப் பார்சல் கட்டுங்கள், பிள்ளைகளே.