பகுதியில் நின்ற ‘ஷைஉ’

அல்ஜிப்ரா என்னும் சொல்லே அரபு மொழியினின்று பிறந்தது என்று கூறப்படாத கல்விக் கருத்தரங்கு நம்மிடையே அரிது. கூற்று உண்மையே. ஆயினும், அச்சொல்லைத் தந்த நூலில் இருப்பது யாது, இல்லாதது யாது என வினவுவோர் மிகச் சிலர். இன்றைய பாடநூலிலுள்ள இயற்கணிதம் முழுவதும் அல்-குவாரிஸ்மியின் கையிலிருந்து வந்ததே என்னும் பெருமிதம், நூலைத் திறந்த மாத்திரத்தில் தடுமாறிவிடும். அங்ஙனம் தடுமாறும் ஓரிடத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்: அறியா எண் பின்னத்தின் பகுதியில் நிற்கும்போது எழும் அசமன்பாடு.

மேனிலை வகுப்பு மாணவர் பலரை இடறச் செய்யும் கணக்கு இது. ஆறு என்னும் எண்ணை, ஓர் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்து வரும் மீதியால் வகுத்தால், ஈவு மூன்றைவிட மிகவேண்டும். அவ்வெண் எதுவாக இருக்கலாம்? மாணவர் மீதியால் இருபுறமும் பெருக்கி, எண் நான்கைவிடக் குறைய வேண்டும் என்று முடித்துவிடுவார். ஒன்று நான்கைவிடக் குறைந்ததுதானே. அதை இட்டுப் பார்த்தால் மீதி குறை ஒன்று, ஈவு குறை ஆறு. அது மூன்றைவிட எப்படி மிகும்? இருபுறமும் பெருக்கும் எண் குறை எண்ணாயின் ‘மிகுதி’ என்பது ‘குறைவு’ எனத் திரும்பும். அதனை மறந்ததால் வந்த பிழை இது. சரியான விடை, இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட எண்கள் மட்டுமே.

இந்த எச்சரிக்கை குவாரிஸ்மியின் நூலில் உண்டா? இல்லை, இருக்கவும் இயலாது. கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (ஹிஜ்ரி 198–218, கி.பி. 813–833) பக்தாதில் எழுதப்பட்ட ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ நூலில் அறியா எண்ணுக்கு ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’, என்று பெயர். அது ஒரு வாரிசின் பங்காகவோ, ஒரு நிலத்தின் பக்கமாகவோ, ஒரு சரக்கின் விலையாகவோ இருக்கும். வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள் நூலில் பெரும்பகுதியை நிரப்புகின்றன. மக்களுக்கு அவை இன்றியமையாதவை என்று ஆசிரியரே முன்னுரையில் கூறுகிறார். பங்கு என்பது குறை எண்ணாக இருப்பதில்லை. எனவே பகுதியில் ‘ஷைஉ’ நின்றாலும் அதனால் அச்சமின்றிப் பெருக்கலாம்.

அவ்வாறு அவர் பெருக்கிய கணக்கு ஒன்று நூலில் உள்ளது. பத்தை இரு கூறாக்கு. முதற்கூற்றை இரண்டாவதாலும், இரண்டாவதை முதலாவதாலும் வகு. இரு ஈவுகளின் கூட்டுத்தொகை இரண்டேகால் அன்று, இரண்டும் ஆறில் ஒன்றும் ஆக வேண்டும். இரு பகுதிகளிலும் அறியா எண்ணே நிற்கிறது. குவாரிஸ்மி ஓர் உண்மையைத் துணைக்கொள்கிறார்: இரு கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதும், இரு கூறுகளின் பெருக்கத்தை ஈவுகளின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் வருவதும் ஒன்றே. இதனால் பின்னங்கள் நீங்கி, நூறும் நான்கேயாறிலொரு வர்க்கமும் சேர்ந்து நாற்பத்தொன்றும் மூன்றில் இரண்டுமான பொருள்களுக்குச் சமம் என்றாகிறது. சுருக்கினால், ஒரு வர்க்கமும் இருபத்து நான்கும் சேர்ந்து பத்துப் பொருள்களுக்குச் சமம். பத்தில் பாதி ஐந்து. அதன் வர்க்கம் இருபத்தைந்து. இருபத்து நான்கைக் கழிக்க ஒன்று. அதன் மூலம் ஒன்று. ஐந்திலிருந்து கழித்தால் நான்கு, ஐந்தோடு கூட்டினால் ஆறு. பத்தின் இரு கூறுகள் அவையே.

இவ்வகைச் சமன்பாட்டுக்கு அவர் கூறும் விதியில்தான் நாம் நின்று நோக்க வேண்டும். பாதியின் வர்க்கம், உடன் நிற்கும் எண்ணைவிடக் குறைந்தால் கணக்கு இயலாதது. இரண்டும் சமமாயின் பாதியே விடை என்கிறார். இவ்விதியை மேற்கண்ட கணக்கில் பொருத்திப் பார்ப்போம். ஈவுகளின் கூட்டுத்தொகை இரண்டாக வேண்டுமெனில் உடன் நிற்கும் எண் இருபத்தைந்தாகிறது. ஐந்தும் ஐந்துமே விடை. ஒன்றாக வேண்டுமெனில் அவ்வெண் முப்பத்து மூன்றைக் கடந்துவிடும், கணக்கு இயலாது. ஆகவே இரு மிகை எண்கள் ஒன்றையொன்று வகுத்து வரும் ஈவுகளின் தொகை எந்நாளும் இரண்டுக்குக் குறையாது. குவாரிஸ்மி இதனை ஓர் அசமன்பாடாக எடுத்துரைக்கவில்லை. ஆயினும் விடை கிடைக்கும் கணக்கு எது, கிடைக்காத கணக்கு எது எனப் பிரிக்கும் எல்லைக்கோடாக அது அவருடைய விதிக்குள் அமைந்திருக்கிறது.

பகுதியில் நின்ற பொருளுக்குத் தனிப்பெயர் சூட்டியவர்கள் பின்வந்தோர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-கரஜி, ஒன்றைப் பொருளால் வகுத்து வருவதை ‘ஜுஸ்உஷ் ஷைஉ’ என்று அழைத்து, மேலேறும் படிகளுக்கு ஒப்பக் கீழிறங்கும் படிகளையும் வகுத்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து 1163-இல் மராகாவில் இஸ்லாத்தைத் தழுவிய அஸ்ஸமவ்அல், தம் பத்தொன்பதாம் வயதில் எழுதிய ‘அல்-பாஹிர்’ நூலில் இதனை முழுமைப்படுத்தினார். பொருளின் படிகளால் ஆன ஒரு கோவையை இன்னொன்றால் வகுக்கும்போது மீதி தீராமல் நீண்டால், அவர் நிறுத்திவிடவில்லை. ஜுஸ்உகளின் வரிசையில் வகுத்தலைத் தொடர்ந்து, வரும் எண்களில் ஓர் ஒழுங்கைக் கண்டு, அடுத்தவற்றை வகுக்காமலே எழுதினார். மிகை, குறை ஆகியவற்றைக் கழிக்கவும் பெருக்கவும் தெளிவான விதிகளையும் தந்தார். குறை எண்களின் விதிகளைக் கடன், செல்வம் என்னும் உருவகத்தில் பிரம்மகுப்தர் 628-லேயே கூறியிருந்தார் என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.

எனினும் அஸ்ஸமவ்அலிடமும் குறை என்பது பொருளோடு சேர்ந்து வரும் எண்ணின் இயல்பே தவிர, பொருளின் இயல்பு அன்று. பகுதி திடீரெனக் குறையாகிவிடும் என்னும் அச்சம் அவருக்கும் எழவில்லை.

அசமன்பாட்டை வினாவின் நடுவிலேயே நிறுத்தியவர் ஷரஃபுத்தீன் அத்தூஸி. வானியல் அறிஞர் நஸீருத்தீன் அத்தூஸியோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் உளர். இவர் ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவர். டமாஸ்கஸ், அலெப்போ, மோசுல் நகரங்களில் கற்பித்தவர். மோசுலில் இவரிடம் பயின்ற கமாலுத்தீன் இப்னு யூனுஸிடம் நஸீருத்தீன் பாடம் கேட்டார். உமர் கய்யாம் (1048–1131) கனச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளால் தீர்த்தவர். சிலவற்றுக்கு விடை இராது என்பதையும் அறிந்தவர். எப்போது இராது என்பதை ஷரஃபுத்தீன் எண்ணால் வரையறுத்தார். இருபத்தைந்து வகைச் சமன்பாடுகளை ஆராய்ந்து, விடை இல்லாமற்போகக்கூடிய ஐந்தைத் தனியே பிரித்துக்கொண்டார்.

அவ்வைந்தில் ஒன்று: ஓர் எண்ணின் கனமும், தரப்பட்ட ஓர் எண்ணும் சேர்ந்து, அவ்வெண்ணின் வர்க்கத்தின் மூன்று மடங்குக்குச் சமம் என்க. (மூன்று என்பது நாம் எளிமைக்காகக் கொண்டது.) வர்க்கத்தால் வகுத்தால் நம் பொருளுக்கே வந்துவிடுகிறோம்: எண்ணோடு, தரப்பட்டதை அதன் வர்க்கத்தால் வகுத்த ஈவைக் கூட்டினால் மூன்று. தரப்பட்டது நான்காயின் விடை இரண்டு மட்டுமே. ஐந்தாயின் எந்த மிகை எண்ணை இட்டாலும் கூட்டுத்தொகை மூன்றைத் தாண்டிவிடும். இரண்டாயின் இரு விடைகள் உண்டு. ஒன்று என்பது முதலாவது, மூன்றின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி வருவது மற்றொன்று. அவ்விரண்டுக்கும் இடையில் எதை இட்டாலும் தொகை மூன்றுக்குக் குறையும்.

ஷரஃபுத்தீன் இப்படி வகுத்துக் காட்டவில்லை. எண்ணின் வர்க்கத்தை, மூன்றிலிருந்து அவ்வெண்ணைக் கழித்த மீதியால் பெருக்கினால் எட்டக்கூடிய பெருமத்தைத் தேடினார். எண், மூன்றில் மூன்றில் இரண்டு பங்காகிய இரண்டாக இருக்கும்போதே அது வாய்க்கிறது என்றும், சிறிய எண்ணை எடுத்தாலும் பெரிய எண்ணை எடுத்தாலும் பெருக்கம் குறைகிறது என்றும் தனித்தனியே நிறுவினார். அப்பெருமத்தை ‘மிகப்பெரிய எண்’ என்றே அழைத்தார். தரப்பட்டது அதனை விஞ்சினால் விடையில்லை, சமமாயின் ஒன்று, குறைந்தால் இரண்டு. அசமன்பாட்டுக் குறிகள் அச்சில் முதன்முதல் தோன்றியது, இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் மறைந்தபின் 1631-இல் வெளியான நூலில். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், குறியேதும் இன்றி, சொற்களால் மட்டுமே இவர் இதனைச் செய்து முடித்தார்.

ருஷ்தி ராஷித் 1986-இல் பாரிஸில் இந்நூலைப் பதிப்பித்தபோது, நுண்கணிதத்தின் வகைக்கெழு இங்கேயே உள்ளது என வாதிட்டார். நெதர்லாந்தின் யான் ஹோகண்டைக் முதலியோர் இதனை ஏற்கவில்லை. பழைய வடிவியல் வழிகளாலேயே ஷரஃபுத்தீன் அவ்விடத்தை அடைந்திருக்கலாம் என்பது அவர்களது கருத்து. இதே பெருமத்தை ஆர்க்கிமிடீஸ் கோளம் பற்றிய நூலில் கண்டிருந்ததை நோக்க, பின்னவர் கூற்றே நமக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. அதனால் ஷரஃபுத்தீனின் தகுதி குறைந்துவிடுவதில்லை. ஒரு தனிக் கணக்குக்குக் கிடைத்த எல்லையை, ஐந்து வகைச் சமன்பாடுகளுக்கும் பொதுவான வினாவாக மாற்றியவர் அவரே.

அவருடைய நூல் முழுமையாக நமக்கு எட்டவில்லை. பெயர் அறியப்படாத ஒருவர் சுருக்கிய வடிவமே எஞ்சியிருக்கிறது. கணக்கீட்டு அட்டவணைகளை அவர் நீக்கிவிட்டார். ஷரஃபுத்தீன் எண்களைப் படிப்படியாக இட்டு விடையை நெருங்கிய முறையை, எஞ்சிய உரையின் விளக்கங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.