கணுக்கால் கற்பித்த பாடம்

மனித உடலின் சுமை முழுவதையும் தாங்கி நிற்கும் சிறு மூட்டு கணுக்கால். முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்புகள் இரண்டும் கவட்டைபோல் கூடிக் கணுவெலும்பைப் பற்றிக்கொள்ள, அவற்றினிடையே அமைந்த மூட்டு அது. நடக்கும்பொழுது அதன்மீது இறங்கும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அத்துணை விசையையும் ஏற்கும் குருத்தெலும்பின் தடிப்போ ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆயினும் இம்மூட்டு எளிதில் தேய்வதில்லை. இடுப்பும் முழங்காலும் பெரும்பாலும் முதுமையால் தேய்கின்றன. கணுக்காலோ பெரும்பாலும் பழைய எலும்பு முறிவாலும் கடுஞ்சுளுக்காலும் தேய்கிறது. ஆகவே இந்நோய்க்கு ஆளாவோருள் உழைக்கும் வயதினர் பலர். அவர்தம் நோவைத் தீர்க்க மருத்துவ உலகம் நடந்து வந்த வழி நேரானதன்று, தோல்விகள் நிறைந்தது. அத்தோல்விகளே அதன் ஆசான்களாயின.

அசையாமையே மருந்து

மூட்டு அசைவதால் நோவு எழுகிறது; அசைவை நிறுத்தினால் நோவும் நிற்கும். இவ்வெளிய எண்ணமே முதல் அறுவை மருத்துவத்திற்கு அடிப்படையாயிற்று. 1879ஆம் ஆண்டில் எடுவர்ட் ஆல்பர்ட் கணுக்கால் எலும்புகளை ஒன்றோடொன்று பொருந்தி வளரச் செய்தார். 1951இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி, எலும்புகளின் ஊடே ஊசிகளைச் செலுத்தி, வெளியே பூட்டிய கருவியால் அவற்றை நெருக்கி இணைக்கும் முறையை விளக்கினார். மூட்டிணைப்பு எனப்படும் இம்மருத்துவம் இன்றும் நிலைபெற்றுள்ளது. நோவு நீங்கும்; ஆனால் மூட்டு மடங்காது. மடங்காத மூட்டின் வேலையை அருகிலுள்ள பாத மூட்டுகள் சுமக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் தேய்கின்றன. அசைவும் வேண்டும், நோவும் கூடாது என்னும் வேட்கை இதனாலேயே எழுந்தது.

தோல்வியின் கணக்கு

செயற்கை மூட்டு என்னும் கனவு பழமையானது. 1890ஆம் ஆண்டளவில் பெர்லின் மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் குளூக் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். கிருமித் தொற்று அம்முயற்சியைக் கெடுத்தது. 1960களில் சார்ன்லியின் செயற்கை இடுப்பு மூட்டு பெருவெற்றி கண்டதும், இடுப்பில் இயன்றது கணுக்காலிலும் இயலும் என மருத்துவர்கள் நம்பினர்.

1970இல் பிரான்சு நாட்டின் லார்ட், மரோட் ஆகிய இருவரும் இடுப்பு மூட்டின் தண்டைத் தலைகீழாகக் கீழ்க்கால் எலும்பினுள் செலுத்தினர். கணுவெலும்பை அகற்றிவிட்டுக் குதிகால் எலும்பில் ஒரு கிண்ணத்தைப் பதித்தனர். இருபத்தைந்து அறுவைகளில் பன்னிரண்டு தோற்றன; மனநிறைவு தந்தவை ஏழே. இடுப்பு மூட்டு பந்துபோல் உருள்வது; கணுக்கால் மடங்கியும் சற்றே வழுக்கியும் இயங்குவது. ஒன்றன் அமைப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போனதில் வியப்பில்லை.

பின்னர் வந்த வடிவங்களும் நெடுநாள் நிலைக்கவில்லை. சிமெண்டு இட்டுப் பதிக்க எலும்பைக் கூடுதலாக வெட்ட நேர்ந்தது, உள்ளே இருந்த மென்மையான எலும்பு சுமை தாளாது அமிழ்ந்தது, மூட்டு தளர்ந்தது. இலண்டன் மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பொருத்தப்பட்ட 62 செயற்கைக் கணுக்கால்களுள் 41 பின்னர் ஆராயப்பட்டன. அவற்றுள் நிறைவளித்தவை பதின்மூன்றே. மூட்டிணைப்பே மேலென அம்மருத்துவர்கள் 1985இல் எழுதினர். அமெரிக்காவின் மயோ மருத்துவமனையினரும் தம் பெயர் தாங்கிய செயற்கை மூட்டை இனிப் பொருத்த வேண்டாவென 1996இல் அறிவித்தனர். இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் மீண்டும் அறுவைக்கு உள்ளான ஒரு மனிதரின் கால் இருந்தது. தம் தோல்வியைத் தாமே எண்ணி வெளியிட்ட நேர்மை இல்லையெனில், அத்துன்பம் இன்னும் பலருக்குத் தொடர்ந்திருக்கும்.

மறுமலர்ச்சி

கோப்பன்ஹேகன் நகர மருத்துவர் ஹாகோன் கோஃபோட் வடிவமைத்த மூட்டு 1981இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1986இல் அதை அவர் மூன்று உறுப்புகள் கொண்டதாக மாற்றினார். மேலும் கீழும் உலோகம். இடையே தடையின்றி வழுக்கும் பாலிஎத்திலீன் துண்டு. பின்னர்ச் சிமெண்டும் கைவிடப்பட்டது. எலும்பே உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றி வளர வழி பிறந்தது. 2009இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் இதற்குக் கிட்டியது.

முன்னும் பின்னும்

வடிவம் திருந்தியும் ஓர் இடர் எஞ்சியது, அது தோல். கணுக்காலின் முன்புறத் தோல் மெல்லியது. அதனடியில் தசைப்பற்று குறைவு. அறுவைக் கத்தி பெரும்பாலும் செல்வது அவ்விடத்திலேயே. அப்புண் ஆறாவிடில் கிருமி உள்ளே சென்று புதிய மூட்டையே அழித்துவிடும். எனவேதான் ஆயத்தம் இன்றியமையாததாயிற்று. புகைத்தல் குருதிக் குழாய்களைச் சுருக்குவதால் பல வாரங்களுக்கு முன்பே அதை விடுமாறு பணிக்கின்றனர். நீரிழிவு கட்டுக்குள் இருத்தல் வேண்டும். பல்லிலோ பாதத்திலோ புண் இருப்பின் முதலில் அதை ஆற்றுகின்றனர். ஊன்றுகோல் கொண்டு நடக்கும் பயிற்சி, வழுக்கும் விரிப்புகளை அகற்றுதல், மாடி ஏறாமல் உறங்க இடம் அமைத்தல் ஆகியனவும் முன்னரே முடிய வேண்டியவை.

அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்கள் காலை நெஞ்சின் மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைத்தலே முதன்மைப் பணி. தையல் பிரித்த பின்னும், மருத்துவர் இசையும்வரை காலில் சுமை ஏற்றலாகாது. சிலருக்கு இது ஆறு வாரம்வரை நீளும். அதன்பின் காப்புக் காலணியும் இயன்முறைப் பயிற்சியும் தொடரும். வீக்கம் முற்றிலும் வடிய ஓராண்டும் ஆகலாம். நடத்தல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியன மீளும். ஓடுதலும் குதித்தலும் தவிர்க்கத்தக்கன. பொறுமை இழந்து முந்தி ஊன்றும் ஓரடி, திறமான அறுவையையும் வீணாக்கக்கூடும்.

பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. பிரிட்டனில் 303 நோயாளிகளைக் கொண்டு இருமுறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஓராண்டில் இரு சாராரும் பெரிதும் நலமுற்றனர். ஒன்று மற்றொன்றை ஐயமின்றி வென்றதாகச் சொல்ல இயலவில்லை. மாற்று மூட்டினரிடையே புண் ஆறாமை மிகுதி. இணைப்பினரிடையே எலும்பு கூடாமையும் குருதி உறைதலும் மிகுதி. ஆகவே எது சிறந்தது எனப் பொதுவாக வினவுதல் பொருந்தாது. இவருடைய வயது, தொழில், எலும்பின் வலிமை, தோலின் நலம், காத்திருக்கும் மனத்திண்மை ஆகியவற்றுக்கு எது ஏற்றது என வினவுதலே தக்கது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சி மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே உணர்த்திய உண்மை இது: மூட்டைப் பொருத்துவது சில மணி நேரப் பணி, அதை நிலைக்கச் செய்வது அதற்கு முன்னும் பின்னுமுள்ள பல மாதங்களின் பணி.